பெற்றதை ஊருக்குத் தந்தவர்: அரிகோபாலன் சீடர் வரலாறு

அய்யா துணை

கார்த்திகை மாதம் வந்தால் சாமிதோப்புப் பதியில் திருஏடு வாசிப்பு தொடங்குகிறது. 17 நாட்கள் அகிலத்திரட்டு அம்மானை இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. வாசித்த பகுதிக்குப் பொருளும் சொல்லப்படுகிறது. 15ஆம் நாள் திருக்கல்யாண ஏடு, 17ஆம் நாள் பட்டாபிசேக ஏடு. எழுதப் படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும், பெரியவரும் குழந்தையும் நெற்றியில் நாமம் தரித்துத் தரையில் ஒன்றாக உட்கார்ந்து கேட்கிறார்கள். கேட்டு முடித்து இனிமம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது அய்யாவின் வரலாறு அவர்கள் நெஞ்சில் இருக்கிறது.

இத்தனை பேர் செவிக்கும் அந்த வரலாறு வந்து சேர்ந்தது ஒரு சீடரின் கை வழியாக. அவர் தென்தாமரைகுளத்து அரிகோபாலன் சீடர். அய்யாவின் ஐந்து சீடர்களில் சகாதேவன் சீடர் என்று போற்றப்படுபவர். அய்யா தமக்குத் தந்ததைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், வரும் தலைமுறைகள் எல்லாம் பெறும்படி ஓலையில் எழுதி வைத்தவர். அருளைப் பெற்றவன் அதற்கு எப்படி நன்றி செலுத்த வேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்வு ஒரு பாடமாக நிற்கிறது.

அவர் வாழ்ந்த காலம்

அரிகோபாலன் சீடர் வாழ்ந்த காலத்தில் தென்தாமரைகுளம், சாமிதோப்பு முதலிய ஊர்கள் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தன. இன்று அவை கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவை. பனையை நம்பி வாழ்ந்த சான்றோர் மக்களுக்கு அது மிகக் கொடிய காலம். தலைக்கு வரி இருந்தது. ஏறுகிற பனைக்கு வரி இருந்தது. பனையேறும் கருவிகளுக்கும் வரி இருந்தது. வரி கட்டிய பிறகும் ஊழியம் விடவில்லை. கூலி இல்லாமல் சுமை சுமக்க வேண்டும். கருப்பட்டியும் நாரும் ஓலையும் கேட்ட இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெண்கள் தோளில் சேலை போடக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் தடை இருந்தது. கோயில் வாசலும் பொதுக் கிணறும் அவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தன.

பனையேறிகள் வெட்டிக் கொடுத்த ஓலையில்தான் அரசின் கணக்கும் கட்டளையும் எழுதப்பட்டன. அவர்கள் மீது விதித்த வரியும் அந்த ஓலையிலேயே ஏறியது. தங்கள் ஓலையில் தங்கள் கதையை எழுதிக்கொள்ளும் நிலை மட்டும் அவர்களுக்கு இல்லை. எழுத்தாணி பிடிக்கத் தெரிந்தவர்கள் அந்த மக்களிடையே மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர் அரிகோபாலன்.

அய்யாவின் சந்நிதியில்

கொல்லம் ஆண்டு 1008 மாசி 20ஆம் நாள், அதாவது 1833ஆம் ஆண்டில், திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டர் வெளிப்பட்டார். பூவண்டன்தோப்பு என்று அப்போது பெயர் கொண்டிருந்த சாமிதோப்புக்கு வந்து ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டுத் தவம் ஆறடிக் குழியில் நடந்தது.

தவம் இருந்த இடத்தைத் தேடி மக்கள் வந்தார்கள். பிணியோடு வந்தவர்களுக்கு அய்யா தண்ணீரும் மண்ணும் கொடுத்தார். பிணி தீர்ந்து போனார்கள். அதற்கு அவர் காசு வாங்கவில்லை. காணிக்கை வேண்டாம், ஆடு கோழி பலி வேண்டாம் என்று மக்களை விலக்கினார். தெய்வத்துக்கு எதையோ கொடுத்தால்தான் வரம் கிடைக்கும் என்று தலைமுறை தலைமுறையாக நினைத்திருந்தவர்களுக்கு இது புதிய செய்தி. கடவுள் கொடுப்பதற்கு விலை கேட்பதில்லை என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். விலையில்லாமல் வந்ததை விலையில்லாமலே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கற்றார்கள்.

அய்யாவின் பதியில் எல்லாச் சாதியாரும் ஒரே முத்திரிக் கிணற்றில் குளித்தார்கள். ஒரே பந்தியில் உண்டார்கள். தலையில் துணி கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் தலைப்பாகை கட்டியே பதிக்குள் வர வேண்டும் என்று அய்யா விதித்தார். வெளியே எங்கும் குனிந்தே நடந்த மனிதன் பதிக்குள் மட்டும் நிமிர்ந்து நின்றான்.

இப்படி நிமிர்ந்து நின்றவர்களில் அரிகோபாலனும் இருந்தார். தென்தாமரைகுளத்துக்கும் சாமிதோப்புக்கும் தூரம் அதிகம் இல்லை. அய்யா தம் சீடர்களாக ஐவரைத் தேர்ந்துகொண்டார். துவாபர யுகத்துப் பஞ்சபாண்டவர்களே கலியில் இந்த ஐந்து சீடர்களாகப் பிறந்தார்கள் என்பது அய்யாவழி மரபு. தர்மர், வீமன், அர்ச்சுனன், நகுலன், சகாதேவன் என்ற வரிசையில் சகாதேவன் என்னும் பெயர் அரிகோபாலனுக்கு உரியதாயிற்று.

அந்தப் பெயருக்கு ஒரு பொருத்தம் உண்டு. பாண்டவர்களில் இளையவனான சகாதேவன் சாத்திரம் அறிந்தவன். போர் தொடங்க நல்ல நாள் குறித்துத் தரும்படி துரியோதனனே வந்து கேட்டபோது, பகைவன் என்று பாராமல் உள்ளதை உள்ளபடி சொன்னவன் அவன் என்று பாரதக் கதை தமிழ்நாட்டில் வழங்குகிறது. தன்னிடம் இருந்த அறிவைக் கேட்டவருக்கு மறைக்காதவன் பெயர் அது. கலியில் அந்தப் பெயரைத் தாங்கியவர், கேட்டவருக்கு மட்டும் அல்ல, இன்னும் பிறக்காதவர்களுக்கும் சேர்த்து எழுதி வைத்தார்.

சிறையும் துவையல் பந்தியும்

அய்யாவைச் சுற்றி மக்கள் கூடுவது அரசுக்குப் பொறுக்கவில்லை. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள் மன்னர். அவருடைய சேவகர்கள் அய்யாவைப் பிடித்துத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். பலவகையில் அய்யாவைச் சோதித்ததையும், கொடும்புலியின் முன் நிறுத்தியபோது அது அடங்கிக் கிடந்ததையும் அகிலம் விரிவாகச் சொல்கிறது. தம் சாதியாரோடு மட்டும் நின்றுகொள்வதாக ஒப்புக்கொண்டால் விடுதலை என்று கேட்கப்பட்டபோதும் அய்யா இணங்கவில்லை என்பது வழிவழியாக வரும் செய்தி. எல்லாருக்குமாக வந்ததை ஒரு கூட்டத்துக்கு மட்டும் என்று வேலி போட அவர் சம்மதிக்கவில்லை. கொல்லம் 1014 மாசி 19ஆம் நாள் அய்யா விடுதலையானார். இன்றும் அந்த நாளின் நினைவாகத் திருவனந்தபுரத்திலிருந்து அன்புக்கொடி மக்கள் ஊர்வலமாக வருகிறார்கள்.

பிறகு துவையல் பந்தி நடந்தது. எழுநூறு குடும்பங்கள் கடலோரத்தில் கூடித் தவம் இருந்தன. நாளுக்கு மூன்று முறை கடலில் குளித்து, துணியைத் துவைத்து, ஒருவேளை உணவு உண்டு வாழ்ந்தார்கள். உடலும் உடையும் உள்ளமும் தூய்மை பெற்று அவர்கள் ஊர் திரும்பியபோது, பெற்ற பழக்கத்தைத் தம் ஊரில் உள்ளவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள்.

அய்யாவிடம் பெற்றவர்கள் ஒவ்வொருவரும் தங்களால் ஆனதைத் திருப்பிச் செய்தார்கள். உடல் வலிமை உள்ளவர் கிணறு வெட்டவும் தாங்கல் கட்டவும் மண் சுமந்தார். நெல் வைத்திருந்தவர் பந்திக்கு அரிசி தந்தார். ஒன்றும் இல்லாதவர் பதியைக் கூட்டிப் பெருக்கினார், விறகு பிளந்தார். அரிகோபாலன் சீடரிடம் இருந்தது எழுத்து. அதை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பதை அய்யாவே அவருக்குக் காட்டினார்.

1841 கார்த்திகை 27

1841ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் 27ஆம் நாள் அகிலம் எழுதத் தொடங்கப்பட்டது. சீடர் உறக்கத்தில் இருந்தபோது இறைவன் அவரை எழுப்பி, தாம் சொல்லச் சொல்ல எழுதும்படி பணித்தார் என்று அகிலமே தன் பிறப்பைச் சொல்கிறது. அவர் எழுந்தார், எழுதினார்.

எழுதத் தொடங்கிய சீடர் முதலில் செய்தது அவையடக்கம். கல்வியில் வல்லவன் அல்லன், குற்றம் இருந்தால் பெரியோர் பொறுக்க வேண்டும் என்ற பொருளில் பணிந்து தொடங்குகிறார். வந்த சொல் இறைவனுடையது, எழுதிய கை மட்டுமே தம்முடையது என்பதில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை. அகிலம் 15,000க்கும் மேற்பட்ட அடிகள் கொண்டது. தமிழில் அம்மானை என்னும் வகையில் மிகப் பெரிய நூல். அவ்வளவு பெரிய நூலில் தம்மைப் பற்றி அவர் எழுதிக்கொண்டது சில அடிகளே. தம் ஊரையும் பெயரையும் சொல்லி, பணித்தவர் யார் என்று சொல்லி, உடனே கதைக்குள் போய்விடுகிறார்.

ஓலையில் எழுதுவது எளிய வேலை அன்று. பனையோலையைப் பக்குவம் பார்த்து வெட்ட வேண்டும். ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து மெழுக வேண்டும். பிறகு இடக்கையில் ஓலையைப் பிடித்து, எழுத்தாணியால் ஒவ்வோர் எழுத்தாகக் கீற வேண்டும். அழுத்தினால் ஓலை கிழியும். அழுத்தாவிட்டால் எழுத்து பதியாது. எழுதி முடித்த பின் கரியும் இலைச்சாறும் தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்துச் சுவடியாகக் கட்ட வேண்டும். 15,000 அடிகளை இப்படிக் கீறுவது என்றால் தோளும் விரலும் எவ்வளவு நோகும் என்பதை எண்ணிப் பார்த்தால் போதும். வரியாகவும் ஊழியமாகவும் பறிக்கப்பட்டு வந்த அந்தப் பனையோலை, பனையேறி மக்களின் சொந்தக் கதையைச் சுமந்தது.

உழைப்பைக் காட்டிலும் பெரியது அதில் இருந்த ஆபத்து. அய்யா சிறையிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. அவரைச் சிறையிட்ட மன்னரே இன்னும் அரியணையில் இருந்தார். அகிலமோ அந்த அரசைக் கலிநீசன் அரசு என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது. வாங்கிய வரிகளையும், சான்றோர் மக்களிடம் கொண்ட ஊழியத்தையும், செய்த கொடுமைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. அந்தச் சுவடி சேவகர் கையில் சிக்கினால் எழுதியவருக்கு என்ன நேரும் என்பது சீடருக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் எழுதினார். எழுதத் தெரிந்த கை பயந்து மடங்கிவிட்டால், எழுதத் தெரியாத ஆயிரம் பேரின் கண்ணீருக்குச் சாட்சி இல்லாமல் போகும்.

எல்லார் செவிக்கும் ஏற்ற நடை

அகிலம் எட்டு யுகங்களின் கதையைச் சொல்கிறது. நீடிய யுகம், சதுர யுகம், நெடுயுகம், கிரேதா யுகம், திரேதா யுகம், துவாபர யுகம், கலியுகம், தர்மயுகம் என்பவை அவை. குறோணி ஆறு துண்டாக வெட்டப்பட்டது, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் அசுரனாகப் பிறந்தது, கடைசியில் உருவமில்லாத கலியாக மனிதர் மனத்துக்குள் புகுந்தது, அந்தக் கலியை அழிக்க நாராயணரே வைகுண்டராக வந்தது ஆகிய எல்லாம் அதில் உண்டு. நாராயணர் இலட்சுமிக்குச் சொல்லும் கதையாக நூல் அமைந்திருக்கிறது.

பெண்கள் காயை மேலே எறிந்து பிடித்து விளையாடும்போது பாடும் பாட்டிலிருந்து பிறந்தது அம்மானை. வீட்டு முற்றத்தில் வளர்ந்த வடிவம் அது. விருத்தமும் நடையும் மாறி மாறி வரும்போது, வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த தெற்கத்திச் செவிக்கு அது தாய்வீட்டுப் பேச்சாகக் கேட்கிறது. அதில் உள்ள சொற்களில் பல வயற்காட்டிலும் பனங்காட்டிலும் அன்றாடம் புழங்கியவை. புலவர் சபையில் பாராட்டுப் பெறுவதற்காக எழுதப்பட்ட நூலாக இருந்தால் அது இப்படி இருக்காது. பசித்தவனுக்கு அவன் உண்ணக்கூடிய உணவையே பரிமாற வேண்டும். அய்யா தந்த அமுதை, எளியவர் செவி ஏற்கும் வடிவிலேயே சீடரின் ஏடு பரிமாறியது.

ஏடு வாழ்ந்த விதம்

1851ஆம் ஆண்டு வைகாசி 21ஆம் நாள் அய்யா வைகுண்டம் ஏகினார். கண்முன் இருந்த அய்யாவைக் காணாமல் மக்கள் தவித்தபோது, அவர்களுக்குத் துணையாக நின்றவை பதிகளும் நிழல்தாங்கல்களும் ஏடும். அய்யாவின் முகத்தைப் பார்க்காத தலைமுறை ஏட்டைக் கேட்டு அய்யாவை அறிந்தது.

சுவடியில் ஒரு தன்மை உண்டு. கட்டி வைத்துப் பூட்டினால் அதைச் செல் அரித்துவிடும். அவ்வப்போது எடுத்துப் பிரித்து, தூசு தட்டி, வாசித்துக் கட்டினால்தான் பிழைக்கும். எவ்வளவு காத்தாலும் ஓலைக்கு ஆயுள் உண்டு. பழையது உதிரும் முன்னே புதிய ஓலையில் ஒருவர் படியெடுத்தாக வேண்டும். கடவுள் தரும் திறமையும் அப்படித்தான். பயன்படுத்தாமல் பூட்டி வைத்தால் உள்ளேயே மக்கிப் போகும். பிறருக்கு எடுத்துக் கொடுக்கும்போதுதான் அது உயிரோடு இருக்கும்.

அகிலத்தை அன்புக்கொடி மக்கள் படியெடுத்தார்கள். ஓர் ஊரின் ஏட்டைப் பார்த்து மறு ஊரில் எழுதினார்கள். தாமரைகுளத்து ஏடு, சாமிதோப்பு ஏடு, பாஞ்சாலங்குறிச்சி ஏடு என்று ஊர்ப் பெயரால் அவை அறியப்பட்டன. திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குள்ளும் அகிலம் சென்றது. சீடர் தம் வீட்டுப் பரணில் வைத்துப் பாதுகாத்துப் பெருமைப்பட்டிருந்தால் ஒரே ஒரு சுவடியாக நின்று மறைந்திருக்கக் கூடியது, ஊர் ஊராகப் பெருகியது.

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. புள்ளி வைத்தால் ஓலை பொத்துக் கிழிந்துபோகும். குறிலையும் நெடிலையும் வாசிப்பவரே இடம் பார்த்து அறிய வேண்டும். அதனால் எழுத்து மட்டும் தெரிந்தவரால் ஏட்டைத் தடையில்லாமல் படித்துவிட முடியாது. பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு தாங்கலிலும் ஒருவர் வாசிக்கப் பழகினார்; அவர் இன்னொருவரைப் பழக்கினார். அந்தக் காலத்தில் நிழல்தாங்கல்கள் பலவற்றில் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். பகலெல்லாம் பனையேறிக் களைத்தவர்கள் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவர் வாசித்தால் நூறு பேர் பெற்றார்கள். சீடரிடம் இருந்த எழுத்து இவ்வாறு எழுத்தில்லாத மக்களின் சொத்தாயிற்று.

தோளில் சேலை போடும் உரிமைக்காக இந்த மக்கள் நடத்திய நீண்ட போராட்டத்தின் பயனாக 1859ஆம் ஆண்டில் அரசு இறங்கி வந்தது. தலை நிமிர்ந்து நில் என்று அய்யா சொல்லிக்கொடுத்ததும், அதைத் தாங்கல்தோறும் ஏடு நினைவூட்டிக்கொண்டே இருந்ததும் அந்த மக்களுக்கு எவ்வளவு துணிவு தந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1939ஆம் ஆண்டில் அகிலம் அச்சில் வந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஓலையிலும் நாவிலும் வாழ்ந்த நூல் காகிதத்தில் ஏறியது. இன்று அது வீடுதோறும் இருக்கிறது. பட்டுத்துணி விரித்து வைத்து வாசிக்கிறார்கள். தென்தாமரைகுளத்தில் உள்ள பதி ஐம்பதிகளில் ஒன்றாக விளங்குகிறது. அங்கே வணங்கச் செல்பவர்கள், அகிலம் எழுதிய சீடரின் ஊர் இது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

நன்றியின் வழி

அரிகோபாலன் சீடர் அகிலத்தை எழுதியதற்குக் கூலி பெறவில்லை. அதைக் காட்டிப் பட்டமோ பதவியோ கேட்கவில்லை. அய்யாவோ காணிக்கை வேண்டாம் என்றவர். அப்படியானால் பெற்ற அருளுக்கு எதைக் கொண்டு நன்றி செலுத்துவது? இந்தக் கேள்விக்குச் சீடரின் வாழ்வு விடை சொல்கிறது. கொடுத்தவர் எதுவும் வேண்டாதவராக இருக்கும்போது, நன்றியைப் பக்கத்தில் இருப்பவனிடம் செலுத்த வேண்டும். இல்லாதவன் கையில் அது சேரும்போது அய்யாவின் கையிலேயே சேர்கிறது. எளியவரைக் கைதூக்கிவிடுவதைத் தருமங்களுக்குள் உயர்ந்த தருமமாக அய்யா வகுத்தது இதனால்தான்.

எல்லாராலும் அகிலம் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். அது ஒருவருக்குத் தரப்பட்ட பணி. ஆனால் வெறுங்கையோடு யாரையும் அய்யா அனுப்பவில்லை. ஒருவருக்கு நல்ல குரல் இருக்கிறது. உகப்படிப்பு வேளையில் அந்தக் குரல் முன்னே ஒலித்தால் கூச்சப்படுகிற பிள்ளையும் சேர்ந்து படிக்கும். ஒருவருக்குச் சமையல் கைவந்திருக்கிறது. தாங்கலில் அன்னம் வேகும் நாளில் அந்தக் கை பத்து வீட்டுப் பசியைத் தீர்க்கும். ஒருவர் கணக்கில் வல்லவர். பள்ளிக்கூடத்தில் திணறும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் ஒரு குடும்பம் கரையேறும். மருத்துவம் படித்தவர், சட்டம் தெரிந்தவர், கொத்து வேலை தெரிந்தவர் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு சுவடி இருக்கிறது. அதைப் பிரிப்பதும் பூட்டி வைப்பதும் அவரவர் மனத்தைப் பொறுத்தது.

திறமை வளரும்போது அகந்தையும் கூடவே வளரப் பார்க்கும். என் அறிவு, என் உழைப்பு என்ற எண்ணம் நெஞ்சில் புகுந்துவிட்டால், கொடுக்கும் கை தானாக மூடிக்கொள்ளும். உருவமில்லாத கலி மனத்தில் குடியேறும் வழி அது என்று அகிலம் கற்பிக்கிறது. அந்த வழியைச் சீடர் தம் முதல் ஓலையிலேயே அடைத்துவிட்டார். தமக்கென்று ஒன்றும் இல்லை, தந்தவர் அய்யா என்று பணிந்த பிறகே அவருடைய எழுத்தாணி நகர்ந்தது.

வரும் கார்த்திகையிலும் ஏடு திறக்கப்படும். வாசிப்பவர் முதலில் காப்பும் அவையடக்கமும் படிப்பார். அப்போது தென்தாமரைகுளத்தில் ஓர் இரவு உறக்கம் விட்டு எழுந்து ஓலையைக் கையில் எடுத்த சீடரை அன்புக்கொடி மக்கள் ஒரு கணம் நினைத்துக்கொள்ளட்டும். வாசிப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், அய்யா தமக்குத் தந்தது என்ன, அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுப் பார்த்தால், அன்று வாசித்த ஏட்டுக்குப் பயன் உண்டு.

அய்யா உண்டு.